மலிவு கேமிங் கம்பியூட்டரின் கதை: செலரொன் 300ஏ முதல் ரைசன் வரை

1998 ஓகஸ்ட் 24ஆம் திகதி இன்டெல் கம்பனி ஒரே நாளில் இரண்டு ரக புரோசசர்களைச் சந்தைக்கு விட்டது. ஒன்று பென்டியம் 2. வேகம் 450 மெகாஹேர்ட்ஸ், விலை 669 டொலர். மற்றது செலரொன் 300ஏ. வேகம் 300 மெகாஹேர்ட்ஸ், விலை 149 டொலர். காசு உள்ளவைக்கு முதலாவது, இல்லாதவைக்கு இரண்டாவது. இதுதான் கம்பனியின்ர கணக்கு. ஆனால் அந்த 149 டொலர் சிப்பையும் 450 மெகாஹேர்ட்ஸில் ஓட வைக்கலாம் எண்டதை கேம் விளையாடுற பெடியள் கெதியிலேயே கண்டுபிடிச்சிட்டினம்.

எப்படி? புரோசசரின் வேகம் எண்டது இரண்டு எண்களின் பெருக்கல். மதர்போட்டின் பஸ் வேகம் ஒன்று, சிப்புக்குள் இருக்கிற பெருக்கி மற்றது. 300ஏயின் பெருக்கி 4.5. அதை மாற்ற ஏலாதபடி இன்டெல் பூட்டி வைத்திருந்தது. பஸ் 66 மெகாஹேர்ட்ஸ் எண்டபடியால் வேகம் 300. ஆனால் அப்போதைய 440பிஎக்ஸ் மதர்போட்டுகள் 100 மெகாஹேர்ட்ஸ் பஸ்ஸையும் தாங்கும். 100ஐ 4.5ஆல் பெருக்கினால் 450! அபிட் பிஎச்6 போன்ற போட்டுகளில் பயோஸுக்குள் போய் இதை மாற்றலாம். அந்த வசதியில்லாத போட்டுகளில் சிப் அட்டையில் ஒரேயொரு பின்னை மட்டும் டேப் ஒட்டி மறைத்தார்கள். எல்லாச் சிப்பும் இதைத் தாங்கும் எண்ட உத்தரவாதம் இல்லை. ஆனால் நிறையச் சிப்புகள் தாங்கின.

சரி, இன்டெல் ஏன் இவ்வளவு நல்ல சிப்பை மலிவாக விட்டது? போட்டிதான் காரணம். 1997இலேயே ஆயிரம் டொலருக்குக் குறைஞ்ச கம்பியூட்டர்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டன. ஏஎம்டியின் கே6, சைரிக்ஸ் சிப்புகள் அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதற்குப் பதிலாக 1998 ஏப்ரலில் இன்டெல் விட்ட முதல் செலரொனில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே இல்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்தப் பெயரை மாற்றத்தான் 300ஏக்குள் 128 கிலோபைட் கேஷைச் சிப்போடு சேர்த்து, முழு வேகத்தில் ஓடும்படி வைத்தார்கள். பென்டியம் 2இல் 512 கிலோபைட் இருந்தாலும் அது அரை வேகத்தில்தான் ஓடியது. அதனால் வேகத்தைக் கூட்டிய 300ஏ, கேம்களில் பென்டியம் 2க்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றது.

இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை கேமின் காட்சிகளைக் கணக்குப் போட்டு வரைவது பெரும்பாலும் புரோசசரின் வேலை. 1996இல் வந்த 3டிஎஃப்எக்ஸின் வூடூ காட் அந்தச் சுமையில் பெரும்பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டது. அந்த வருசம் நினைவகச் சிப்புகளின் விலை சரிந்தபடியால்தான் சாதாரண ஆட்களும் அதை வாங்கக்கூடிய நிலை வந்தது. அண்டையிலிருந்து இண்டைவரை கேமிங் கம்பியூட்டர் கட்டுறவைக்கு முதல் கேள்வி, இருக்கிற காசில் கிராபிக்ஸ் காட்டுக்கு எவ்வளவு எண்டதுதான்.

கம்பனிகளும் பாடம் படித்தன. 2011இல் வந்த சான்டி பிரிட்ஜ் தலைமுறையில், பஸ் வேகத்தைக் கூட்டினால் மற்றப் பாகங்களும் சேர்ந்து குழம்பும்படி எல்லாத்தையும் ஒரே கடிகாரத்தில் இன்டெல் கட்டிவிட்டது. வேகம் கூட்ட வேணுமெண்டால் பேருக்குப் பின்னால் 'கே' போட்ட சிப்பைக் கூடுதல் காசு குடுத்து வாங்க வேணும். 2014இல் மட்டும் பென்டியம் பெயரின் 20 வருச நினைவாக ஜி3258 எண்ட, பூட்டில்லாத மலிவுச் சிப்பொன்று வந்தது. பழைய காலம் திரும்பியது எண்டு பலர் சந்தோசப்பட்டார்கள். ஆனால் அதே வருசம் வந்த ஃபார் க்ரை 4, இரண்டு கோர் மட்டும் உள்ள சிப்பில் தொடங்கவே மறுத்தது. வேகம் மட்டும் காணாது, கோர்களும் வேணும் எண்ட காலம் வந்துவிட்டது.

2017இல் கதை மறுபடி திரும்பியது. இந்த முறையும் போட்டிதான். ஏஎம்டியின் ரைசன் 5 1600, 219 டொலருக்கு ஆறு கோர்களைத் தந்தது, பூட்டும் இல்லை. 2016இல் வந்த ஏஎம்4 சொக்கெட்டுக்கு 2022இலும் புதுச் சிப் வந்தது. மதர்போட்டை மாற்றாமல் பிறகொரு நாள் நல்ல சிப் போடலாம் எண்டது, கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்க்கிறவைக்குப் பெரிய விசயம்.

ஆனால் சிப்பின் விலையைச் சிப்புக் கம்பனி மட்டும் தீர்மானிப்பதில்லை. எதீரியம் மைனிங் 2017இலும் 2021இலும் கிராபிக்ஸ் காட் விலையை ஏற்றிவிட்டது. 2022 செப்ரெம்பரில் அந்த மைனிங் முறை நின்றபோது எங்கட நாடு வேறொரு அடியில் கிடந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. வரியும் கடைக்காரரின் லாபமும் சேராமலே, 100 டொலர் காட் 20,000 ரூபாயிலிருந்து 36,000க்குப் போனது. சிப் அதே சிப். சம்பளமும் அதே சம்பளம்.

இண்டைக்குப் பாகம் தெரிவு செய்யிற ஒருவருக்கு இந்தக் கதையில் பிரயோசனம் இருக்கு. பெட்டியில் இருக்கிற விலையும் பேரும் உள்ளே இருக்கிற சிப்பின் தரத்தை முழுதாகச் சொல்லாது. கேமுக்கு எது தடையாக நிற்குதோ அதற்கே காசு போக வேணும். பெரும்பாலும் அது கிராபிக்ஸ் காட். பாவித்த காட் வாங்கினால் கடையிலேயே ஒரு கேமை அரை மணித்தியாலமாவது ஓட்டிப் பார்க்க வேணும். ராமை ஒரு துண்டாக வாங்காமல் இரண்டாக வாங்கினால் இரட்டைச் சனல் வேகம் கிடைக்கும், தனி காட் இல்லாதவைக்கு அது இன்னும் முக்கியம். பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது, அது போனால் மற்றதையும் கொண்டு போகலாம்.

ஒரு கம்பனியில் விசுவாசம் வைக்கிறதும் வீண். 1998இல் மலிவுச் சிப் இன்டெலிடம் இருந்தது, 2017இல் ஏஎம்டியிடம் இருந்தது. இரண்டு தரமும் அவை இரங்கித் தந்ததில்லை, மற்றவனுக்குப் பயந்து தந்தது. யார் இப்ப பயந்துபோய் இருக்கினம் எண்டு பாருங்கோ. உங்கட காசுக்கு நல்ல சாமான் பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.