காசினோ கார்டு எதுக்குப் பாயிண்ட் தருது?

அமெரிக்க காசினோக்களில் நுழைந்தவுடன் ஒரு கார்டு தருவார்கள். இலவசம். ஸ்லாட் மெஷினில் அதைச் செருகிவிட்டு ஆடினால் பாயிண்ட் ஏறும். அந்தப் பாயிண்ட்டுக்குச் சாப்பாடு, ரூம் கிடைக்கும்.

"ஜெயிச்சா காசு, தோத்தா பாயிண்ட். நல்லாத்தானே இருக்கு?"

கொஞ்சம் பொறுங்க. இதன் வரலாற்றைப் பார்த்துடுவோம் 👇

1/ அந்தக் கால லாஸ் வேகஸில் இலவச ரூமும் விருந்தும் மேஜையில் சீட்டாடும் பெரும்புள்ளிகளுக்குத்தான். யார் எவ்வளவு வைத்து ஆடுகிறார் என்று மேற்பார்வையாளர் கண்ணால் பார்த்து முடிவு செய்வார். ஸ்லாட்டில் சில்லறை போடுபவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

2/ 1981ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறக்கும் மைலுக்குப் பாயிண்ட் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அதே 1980களில் காசினோக்களிலும் ஸ்லாட் கிளப்புகள் வந்தன. கண்ணால் பார்த்த வேலையை இப்போது கார்டு பார்த்தது.

3/ 1997ல் ஹாராஸ் நிறுவனம் பல ஊர்களில் இருந்த தன் காசினோக்களை ஒரே கார்டில் இணைத்தது. அடுத்த வருடமே ஹார்வர்டு பேராசிரியர் கேரி லவ்மன் அங்கே நிர்வாகியாகச் சேர்ந்தார்.

கார்டு கணக்கைப் பிரித்துப் பார்த்தால், 26 சதவீத வாடிக்கையாளர்களிடம் இருந்து 82 சதவீத வருமானம்! யார் இவர்கள்? கோடீஸ்வரர்களா? இல்லைங்க. ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், மெஷின் தொழிலாளி... எங்க டாக்டர்களும் உண்டு. நேரமும் கொஞ்சம் காசும் உள்ள சாதாரண மனிதர்கள்.

4/ இப்போ கணக்கு. ஜெயித்ததற்கும் பாயிண்ட் இல்லை, தோற்றதற்கும் இல்லை. மெஷினில் சுழலும் மொத்தப் பந்தயத்துக்குத்தான் பாயிண்ட்.

ஒரு சுற்றுக்கு 1 டாலர், மணிக்கு 500 சுற்று, 4 மணி நேரம். மொத்தப் பந்தயம் 2,000 டாலர். (கையில் கொண்டுபோனது 200தான் இருக்கும். ஜெயித்ததையே திரும்பத் திரும்பப் போடுவதால் இவ்வளவு.)

மெஷின் 8 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்தால், சராசரி நஷ்டம் 160 டாலர். 5 டாலருக்கு 1 பாயிண்ட் என்றால் 400 பாயிண்ட். 100 பாயிண்ட்டுக்கு 1 டாலர் என்றால் கைக்கு வருவது 4 டாலர்.

160 கொடுத்து 4 வாங்குகிறோம். இதுக்குப் பேர் பரிசு 🙂

5/ அதோடு கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று படிகள். வருடம் முடிந்தால் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து. "இன்னும் கொஞ்சம் ஆடினா டைமண்ட்" என்ற எண்ணமே ஆளை நாற்காலியில் உட்கார வைத்துவிடும்.

6/ சூதாட்ட அடிமைத்தனத்தை அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 1980லேயே நோயாகப் பட்டியலிட்டது. 2013ல் அதை மது, போதை அடிமைத்தனங்கள் இருக்கும் பிரிவுக்கே மாற்றியது. விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பப் போவது இதன் முக்கிய அறிகுறி.

குடி நோயாளிக்கு ஈரல் டெஸ்ட் எடுத்தால் கொஞ்சமாவது தெரியும். இந்த நோயை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. வீட்டுக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.

கார்டுக்கு மட்டும் தெரியும். எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எவ்வளவு விட்டார், மறுநாள் வந்தாரா... எல்லாம் பதிவாகியிருக்கும்.

எங்களிடம் அந்தப் பதிவு இருந்தால் சிகிச்சையை ஆரம்பிப்போம். அவர்கள் இலவச ரூம் கூப்பன் அனுப்புகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இந்தப் பழக்கம் கையை மீறினால் மறைக்காதீங்க. டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் தாராளமாக வாங்க.