இல்லையென்று எழுதப்பட்டவர்களின் காவியம்

1822-ல் போர்ச்சுகலிடமிருந்து பிரேசில் விடுதலை பெற்றது. ஆனால் பேசிய மொழி போர்ச்சுகீசியம். அரியணையில் அமர்ந்தவரும் போர்ச்சுகல் இளவரசரே. அப்படியானால் பிரேசிலியர் என்பவர் யார்? ஐரோப்பிய ரொமாண்டிக் எழுத்தாளர்கள் தத்தம் நாட்டு இடைக்கால வீரர்களிடம் மூதாதையரைக் கண்டடைந்தனர். அத்தகைய இடைக்காலம் வாய்க்காத பிரேசிலின் எழுத்தாளர்களோ அவ்விடத்தில் பழங்குடி வீரனை நிறுத்தினர். கவிஞர் கொன்சால்விஸ் டயஸ் அவனைப் பாடியதோடு, 1858-ல் துப்பி மொழிக்கு அகராதியும் வெளியிட்டார்.

இப்போக்கின் உச்சம் என ஜோசே டி அலென்காரின் 'இராசேமா' (1865) நாவலைச் சொல்லலாம். அவர் பிறந்த செயரா மாகாணமே கதைக்களம். தபஜாரா குலப்பெண் இராசேமா, மார்ட்டிம் என்ற போர்ச்சுகீசிய வீரனை விரும்பித் தன் குலத்தைத் துறக்கிறாள். மகனைப் பெற்றெடுத்தபின் இறக்கிறாள். குழந்தையைத் தந்தை கொண்டுபோகிறான். இராசேமா என்ற பெயரின் ரோமன் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'அமெரிக்கா' என்று வரும். துப்பிச் சொற்கள் கலந்த அந்த உரைநடையின் அழகை நாம் மறுப்பதற்கில்லை.

எனினும் நாவல் வெளிவருவதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1863-ல், செயராவில் வேறொன்று எழுதப்பட்டது. குடியிருப்புகளில் வாழும் பழங்குடியினர் இம்மாகாணத்தில் இனி இல்லை என்று மாகாணத் தலைவரின் அறிக்கை கூறியது. இல்லாதவருக்கு நிலம் எதற்கு? அவர்களது பொதுநிலங்கள் கைமாறுவதற்கு அக்கூற்று துணைநின்றது. ஒன்று அரசு ஆவணம், மற்றொன்று காவியம். இரண்டிலும் பழங்குடி கடந்தகாலத்துக்கு உரியவராகவே இருக்கிறார். அலென்கார் அந்த அறிக்கையை மனத்தில் வைத்து எழுதினார் என்பதல்ல நம் வாதம். தேசத்தின் தாயாகப் போற்றப்படுவதற்கு இராசேமா இறந்தாக வேண்டியிருந்தது என்பதையே நாம் கவனிக்கிறோம்.

இந்தத் தோற்றக்கதையில் ஆப்பிரிக்க அடிமைகளுக்கு இடமே இல்லை. பிரேசிலில் அடிமைமுறை 1888 வரை நீடித்தது. அலென்காரே 1867-ல் பேரரசருக்கு எழுதிய பகிரங்கக் கடிதங்களில் அதற்காக வாதிட்டவர்.

2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி செயராவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடியினர் வாழ்கின்றனர். தபஜாராக்களும் அவர்களுள் உள்ளனர். இராசேமாவை இன்று வாசிக்கையில், அவளது மரணத்துக்காகக் கண்கலங்கும் நாம், அவள் குலத்தார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.