முதுகில் மண் ஒட்டியவன்: ஹாஃப் கார்டும் ஆமூர் மல்லனும்

ஜவ்வாது மலைக்கு நான் போனது நடுகல் பார்க்க. பார்த்தது என்னவோ டீக்கடை பெஞ்சைத்தான். இடது முழங்காலில் தசைநார் கிழிந்து நாலு மாசம். கட்டுப்போட்டுக்கொண்டு நடக்கலாம், மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. கூட வந்த நண்பர் கேமராவோடு மேலே போய்விட்டார். ஜமுனாமரத்தூரில், தூறலில், புறநானூற்றை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் ரொம்ப நேரம் முழங்கால் கட்டையே பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னா தம்பி கால்ல? வண்டில வுழுந்தியா?"

"இல்லைங்க ஐயா, குஸ்தி மாதிரி ஒண்ணு கத்துக்கிட்டேன். அதுல முறுக்கிக்கிச்சு."

"கீழ தள்ளிட்டானா?"

"இல்லைங்க. நானேதான் கீழ படுத்தேன். கீழ படுத்துக்கிட்டே மேல இருக்கிறவனைக் கவுக்கிற வித்தை அது."

அவர் டீயை உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "முதுவுல மண்ணு ஒட்டுனா தோத்துட்டான்னு அர்த்தம். அப்பறம் என்னா வித்தை?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. அவர் சொன்னது முழுக்கச் சரி. நம்முடைய குஸ்தியில் இரண்டு தோளும் மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. "குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை" என்று நாம் கேலி பேசுகிறோமே, அந்தப் பழமொழியே கோதாவில் பிறந்ததுபோலத்தான் இருக்கிறது. மல்லாந்தவன் அப்படி சமாளிக்கக்கூட முடியாது. முதுகே சாட்சி சொல்லிவிடும்.

விதி அப்படி இருக்கும் இடத்தில், மல்லாந்து கிடந்தபடி சண்டை போடும் கலை வளராது. வளர வேண்டிய தேவையே இல்லை. 1910 செப்டம்பரில் லண்டனில் காமா பயில்வானும் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமாவோடு நின்று மோத முடியாது என்று தெரிந்ததும் ஸ்பிஸ்கோ பாயில் கவிழ்ந்து ஒட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அப்படியே. தோள் பாயில் படாமல் காப்பது மட்டுமே வேலை. ஆட்டம் முடிவில்லாமல் போனது. 1928இல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்துவிட்டது. காமாதான் ஜெயித்தார். ஸ்பிஸ்கோவின் கிடை தோற்காமல் இருப்பதற்கான கிடை. ஜெயிப்பதற்கு அதிலிருந்து வழியே கிடையாது.

ஹாஃப் கார்டும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நீங்கள் கீழே கிடக்கிறீர்கள், எதிராளி மேலே. அவனுடைய இடுப்பை உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்திருந்தால் அது முழு கார்ட். உங்கள் கால்களை முழுக்கத் தாண்டி வந்துவிட்டால் நெஞ்சில் ஏறி அமுக்கிவிடுவான். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை: அவன் முக்கால்வாசி தாண்டிவிட்டான், ஆனால் ஒரு கால் மட்டும் உங்கள் கால்களுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. வாசலைத் தாண்டியவன் வேட்டி தாழ்ப்பாளில் சிக்கின மாதிரி. இதுதான் ஹாஃப் கார்ட்.

ஜூடோவில் இதற்கு ஒரு மரியாதை உண்டு, ஆனால் சின்ன மரியாதைதான். மேலே இருப்பவனின் காலைக் கீழே இருப்பவன் தன் கால்களால் பின்னிவிட்டால் அமுக்கிப் பிடித்த கணக்கு நின்றுவிடும். ஆகவே மூச்சு வாங்க, நேரம் கடத்த, நடுவர் எழுப்பிவிடும்வரை தாக்குப்பிடிக்க உதவும். தரைச் சண்டையில் ஜப்பானியர்கள் சாமானியர்கள் இல்லை. 1914இல் கியோட்டோ பல்கலைக்கழகம் தொடங்கிய மாணவர் போட்டிகளில் தரைச் சண்டை எந்த அளவுக்கு வளர்ந்தது என்றால், நின்று மோதாமல் நேரே தரைக்கு இழுப்பதற்கு 1925இல் கோடோகான் கட்டுப்பாடு போட வேண்டிவந்தது. விதி எதைத் தடுக்கிறது என்று பார்த்தால், அதற்கு முன் ஜனங்கள் எதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரிந்துவிடும். கல்வெட்டு படிப்பவர்களுக்கு இந்தத் தந்திரம் பழக்கமானதுதான்.

அதே 1914இல்தான் கோடோகான் வீரர் மிட்சுயோ மாயேடா பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தார். பெலெம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியின் குடும்பம் வழியாக பிரேசிலியன் ஜியூ-ஜிட்சு வந்தது. இடையில் ஒரு சங்கதி. அந்த வித்தை பிரேசிலுக்குப் போவதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்திருக்கிறது. 1905இல் தாகூர் ஜின்னோசுகே சானோ என்ற ஜப்பானியரை சாந்திநிகேதனுக்கு வரவழைத்து ஜுஜுட்சு சொல்லிக்கொடுக்க வைத்தார். 1929இல் ஷின்சோ தகாகாகி வந்து ஜூடோ கற்பித்தார். விதை இங்கேயும் விழுந்தது. பெலெமில் அதை வளர்க்க ஒரு குடும்பம் இருந்தது, போல்பூரில் அப்படி ஒன்று அமையவில்லை. சரி, அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஹாஃப் கார்டின் தலையெழுத்தை மாற்றியது ஒரு முழங்கால். 1990களின் தொடக்கம், ரியோ டி ஜெனிரோ. கார்லோஸ் கிரேசி ஜூனியரின் மாணவர் ராபர்டோ கொர்ரேயா. செல்லப்பெயர் கோர்டோ, அதாவது குண்டன். முழங்காலில் அடிபட்டு, காலைச் சுழற்றி முழு கார்ட் போட முடியாமல் போனது. மற்றவர்கள் ஓய்வு எடுப்பார்கள். இவர் பயிற்சிக்கு வந்துகொண்டே இருந்தார். அடிபட்ட காலைக் காப்பாற்ற ஹாஃப் கார்டிலேயே கிடந்தார். கிடந்த இடத்திலேயே ஆராய்ச்சி.

அவர் கண்டது இதுதான். முதுகு முழுக்கத் தரையில் படிந்தால் செத்தோம், எனவே பக்கவாட்டில் திரும்பிப் படுக்கணும். மேலே இருப்பவன் நம் தலையைத் தோளால் நெட்டித் தரையோடு தரையாக அழுத்தப் பார்ப்பான், அதற்குள் நம் கை அவன் அக்குளுக்குள் புகுந்து முதுகைப் பிடித்துவிடணும். அந்த ஒரு கை உள்ளே போனால் ஆட்டமே தலைகீழ். அவனுடைய ஒரு கால் நம்மிடம் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் அவன் சாய்ந்தால் ஊன்றிக்கொள்ள கால் கிடையாது. நாற்காலியில் ஒரு காலைக் கழற்றின மாதிரி. அப்படியே உருட்டி மேலே வரலாம், அல்லது பின்னால் நழுவி முதுகில் ஏறலாம். போட்டி விதியும் ஒத்துழைத்தது. கீழிருந்து கவிழ்த்து மேலே வந்தால் 2 புள்ளி, ஹாஃப் கார்டிலிருந்து கவிழ்த்தாலும் அதே 2. அதுவரை ஓட்டை உடைசல் என்று ஒதுக்கிய நிலை, அதன்பின் ஒரு ஆட்டமுறை.

அதற்குப் பிறகு கிளைகள். எட்டி பிராவோ கால்களால் காலை முறுக்கிப் பூட்டும் லாக்டவுனைப் பரப்பினார். எதிராளியின் இடுப்புக்கு அடியிலேயே புகுந்துவிடும் டீப் ஹாஃப் வந்தது. பெர்னார்டோ ஃபாரியா 2015 உலகப் போட்டியில் தன் எடைப் பிரிவையும் எடை வரம்பில்லாத பிரிவையும் சேர்த்து வென்றார், அவருடைய ஆட்டத்தின் முதுகெலும்பே ஹாஃப் கார்ட். எனக்குப் பிடித்தது நீ ஷீல்ட் என்ற வகை. மேல்காலை மடக்கி, முழங்காலை எதிராளியின் மார்புக்குக் குறுக்கே கேடயமாக வைத்து அவன் பாரத்தைத் தாங்குவது.

இங்கேதான் மடியில் இருந்த புத்தகம் வில்லங்கம் செய்தது.

புறநானூறு 80. பாடியவர் சாத்தந்தையார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருது அவனைக் கொன்றதைப் பாடுகிறார். 1894இல் உ.வே.சா. பதிப்பித்தபோது சேர்த்து அச்சிட்ட பழைய உரை அந்தப் பிடியை விளக்குகிறது: ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியாக மடிந்திருக்கிறது, மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்துக்கொண்டு முதுகுப் பக்கம் வளைந்திருக்கிறது. பலமுறை படித்த பாட்டு. முழங்கால் கட்டோடு படித்தபோதுதான் திக்கென்றது. மார்பில் மடித்த முழங்கால், முதுகுக்குப் பின்னால் வளைந்த இன்னொரு கால். மல்லன் மல்லாந்து கிடந்தால் அவன் முதுகு தரையில் இருக்குமே, அங்கே எப்படிக் கால் வளையும்? அப்படியானால் மல்லன் மேலே, சோழன் கீழே! சோழன் போட்டது நீ ஷீல்ட்!

கை அரித்தது. "ஹாஃப் கார்டைக் கண்டுபிடித்தது சோழன்" என்று தலைப்புப் போட்டால் இந்த வலைப்பக்கத்துக்கு ஒரே ராத்திரியில் எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். வாட்ஸப்பில் என் பெயர் இல்லாமலே சுற்றும். முதல் பத்தியை மனதுக்குள் எழுதியும்விட்டேன்.

ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல, தலையும் காலுமாக இரண்டு முனையும் முறியும்படி மோதினான் என்று போகிறது. யானை மூங்கிலை எப்படி ஒடிக்கும்? காலால் மிதித்து அழுத்திக்கொண்டு தும்பிக்கையால் வளைக்கும். கீழே கிடந்து செய்கிற வேலை இல்லை அது. முழங்காலை முட்டுக் கொடுத்து, மறுகாலால் பின்பக்கம் நழுவ விடாமல் அணைத்து, இரண்டு முனையையும் வளைத்து ஒடிப்பது. மல்லன் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையிலோ ஒருக்களித்த நிலையிலோ சிக்கியிருந்தால் இரண்டு காலும் உரை சொல்கிற இடத்தில் சரியாகப் போய் உட்காரும். உவமையைத் தள்ளிவிட்டு உடற்கூற்றை மட்டும் வைத்துக்கொண்டால்தான் சோழன் கீழே வருவான். கவிஞர் சொன்னதில் பாதியை மறைத்துவிட்டு மீதியை எடுத்துக்காட்டுவது மோசடி. மனதுக்குள் எழுதிய பத்தியை அழித்தேன். கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

ஒன்று மட்டும் நிற்கிறது. அந்த ஆட்டம் முதுகில் மண் பட்டதும் முடியும் ஆட்டமில்லை. கால் மடிப்பும் பின்னலும் தடுப்பும் எதிர்த்தடுப்புமாக, ஒடியும்வரை நடக்கிற சண்டை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் கால்களுக்குத் தனி அறிவு வந்தே தீரும். சாத்தந்தையாரும் கையைப் பற்றிப் பேசவில்லை, கால் எங்கே இருந்தது என்றுதான் சொல்கிறார். பார்க்கத் தெரிந்த மனுஷன். அவருடைய 82ஆம் பாட்டில் போரின் வேகத்துக்கு உவமை, கட்டில் பின்னுகிறவன் கை ஊசி. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை வேறு பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அவன் கை எவ்வளவு அவசரமாக ஓடும்! பின்னுகிற தொழிலைக் கால் பின்னும் சண்டைக்குச் சொன்னது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நண்பர் சாயங்காலம் இறங்கிவந்து படங்களைக் காட்டினார். வில், வாள், குறுவாள், கேடயம். இந்த மலையடிவாரத்துச் செங்கம் பக்கத்துக் கற்களில் பல பல்லவர் ஆட்சியாண்டோடு வட்டெழுத்தில் இருப்பவை. சிலவற்றை இன்றும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், இரண்டு கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்குக்கூடக் கல் உண்டு. அவன் மகன் நரசிம்மவர்மனுக்கோ மாமல்லன் என்றே பட்டம். ஆனால் நானோ அவரோ பார்த்த கல் எதிலும் மற்போர் பிடி இல்லை. அது ஆச்சரியமும் இல்லை. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் செத்தவர்களுக்கான கற்கள் அவை. கோதாவில் ஜெயித்தவனுக்குப் பாட்டு, தொறுவில் பட்டவனுக்குக் கல்.

கிளம்பும் முன் பெரியவரிடம் பீமன்மடவு அருவிக்கு வழி கேட்டேன். சொல்லிவிட்டு அவரே, "பீமன் பெரிய பயில்வான் ஆச்சே, அவன் கீழ படுத்தா சண்ட போட்டான்?" என்றார். விடவில்லை மனுஷர். எனக்கு படுகளம்தான் நினைவுக்கு வந்தது. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில், களிமண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். மல்லாந்தவன் தோற்றவன் என்பதை இந்த வட்டாரத்தில் இதைவிடப் பெரிய எழுத்தில் எழுத முடியாது. அவர் பக்கம்தான் சாட்சி அதிகம் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு பெஞ்சில் பக்கவாட்டில் சாய்ந்து, நல்ல காலை மடக்கி, அக்குளுக்குள் கை போகும் விதத்தை அவருடைய துண்டை வைத்துக் காட்டினேன். "ஓகோ" என்றார். அந்த ஓகோவில் எவ்வளவு சம்மதம் என்று சொல்ல முடியாது.

இறங்கும்போது பஸ்ஸில் 85ஆம் பாட்டைப் படித்தேன். அதே சோழனைக் காதலித்த நக்கண்ணையார், பெருங்கோழி நாய்கன் மகள், பாடியது. சிலம்பு ஒலிக்க ஓடி, வீட்டுப் பக்கத்துப் பனையில் சாய்ந்து நின்று பார்க்கிறாள். ஊரில் ஒரு சாரார் அவனுக்கே வெற்றி என்கிறார்கள், இன்னொரு சாரார் இல்லை என்கிறார்கள். இரண்டு பேர் பின்னிக் கிடக்கும்போது தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும். அவள் அந்த இரண்டு பேச்சையும் அழகாகத்தான் இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு, நான் பார்த்தது அவன் ஜெயிப்பதை என்கிறாள்.