சாலையோரத்தில் பிறந்த காதல்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். கார்ல் பென்ஸ் என்னும் ஜெர்மானியர் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்த நாள் அது. வண்டியின் பிறந்த நாள் என்றே அதனைக் கொள்ளலாம். வண்டியின்மீது மனிதன் கொள்ளும் காதலுக்கும் ஒரு பிறந்த நாள் உண்டு. ஆனால் அது எந்த அலுவலகத்தின் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு சாலையோரத்தில், ஒரு சிறுவனின் உள்ளத்தில் அது நிகழ்ந்துவிடுகிறது. பிறகு வாழ்நாள் முழுவதும் அவனை விடுவதில்லை.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது வரலாறு. மூன்று நாடுகளில் மூவர் வாழ்வில் அந்தக் காதல் எவ்வாறு பிறந்தது என்பதைச் சொல்லி, அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். மூவரும் பிற்காலத்தில் பெரும்பொருள் ஈட்டியவர்களே. எனினும் அவர்களுடைய பொருளைப் பற்றி எனக்கு இங்கே பேச்சில்லை. அவர்கள் கையில் காசில்லாது சாலையோரத்தில் நின்ற அந்த ஒரு கணத்தைப் பற்றியதே என் பேச்சு.

முதலாமவர் ஹென்றி ஃபோர்டு. அமெரிக்க நாட்டில், டெட்ராய்ட் நகருக்கு அருகே, ஒரு குடியானவர் இல்லத்தில் 1863இல் பிறந்தவர். 1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவருடைய அன்னையார் காலமானார். அவ்வாண்டுக் கோடையில் ஒரு நாள் தந்தையுடன் குதிரை வண்டியில் டெட்ராய்ட் நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். வழியில், எதிரே ஒரு நீராவி இயந்திரம் தானாகவே உருண்டு வந்தது. கதிரடிக்கவும் மரமறுக்கவும் பண்ணைகளில் அக்காலத்தில் நீராவி இயந்திரங்கள் வழங்கியதுண்டு. ஆனால் அவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குக் குதிரைகளே இழுத்துச் செல்லும். குதிரை இல்லாமல் தன் கால்களாலேயே நடந்துவந்த இயந்திரத்தை ஃபோர்டு கண்டது அதுவே முதன்முறை.

குதிரைகள் மிரளாமல் கடந்து செல்லட்டும் என்று இயந்திரக்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். என்ன நடக்கிறது என்று தந்தை உணர்வதற்குள் சிறுவன் வண்டியிலிருந்து குதித்து அவரிடம் ஓடிவிட்டான். இங்கேதான் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். கரி படிந்த முகத்தோடு உழைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், 'தூரப் போ, பையா!' என்று அதட்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. இயந்திரத்திலிருந்து பின்சக்கரத்திற்குச் சங்கிலி எவ்வாறு ஓடுகிறது என்பதைக் காட்டினார். அந்தச் சங்கிலியைக் கழற்றிவிட்டு வார்ப்பட்டையை மாட்டினால் பிற இயந்திரங்களை அது எவ்வாறு சுழற்றும் என்பதை விளக்கினார். நிமிடத்திற்கு 200 சுற்றுச் சுற்றும் என்று கணக்கும் சொன்னார். இவ்வளவையும் மகிழ்ச்சியோடு சொன்னார் என்று ஃபோர்டு தம் வாழ்க்கை நூலில் நினைவுகூர்கிறார். அந்நூல் 1922இல் வெளிவந்தது. இடையில் 46 ஆண்டுகள் ஓடியிருந்தும் அந்த 200 என்னும் எண்கூட அவருக்கு மறக்கவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 1879இல் பண்ணையை விட்டு டெட்ராய்ட் பட்டறைகளுக்குத் தொழில் பழகச் சென்றார். 1893ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முந்தின இரவில், வீட்டு அடுக்களையில் தாமே செய்த சிறு பெட்ரோல் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். துளித்துளியாக எண்ணெய் விட்டவர் அவர் மனைவி கிளாரா. 1896 ஜூன் மாதம் முதல் வண்டி முடிந்தபோது, அது கொட்டகையின் வாயிலுக்குள் அடங்கவில்லை. கோடரியால் சுவரை இடித்து வழி செய்து வண்டியை வெளியே கொணர்ந்தார். 'டி' மாடல் கார் 1908இல் வந்தது; 1927இல் அதன் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி வண்டிகள் உருவாகியிருந்தன.

அந்த 'டி' மாடலைப் பற்றி நம் பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதனை வாங்கிய குடியானவர் அதன் உள்ளுறுப்புகளை அறிந்தே ஆக வேண்டியிருந்தது. முன்பக்கத்தில் கைப்பிடியைச் சுழற்றித்தான் அதனைக் கிளப்ப வேண்டும். பழுதுபட்டால் தம் கொட்டகையிலேயே ஸ்பானரும் சுத்தியலும் கொண்டு அவரே சீர்செய்துகொள்வார். அருகில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவருடைய மகன் நிற்பான். சாலையோரத்தில் ஒரு சிறுவனுக்குக் கிட்டிய பாடம், இவ்வாறு எண்ணற்ற வீட்டுக் கொட்டகைகளில் எண்ணற்ற சிறுவர்களுக்குக் கிட்டலாயிற்று.

ஃபோர்டின் வண்டிகள் கடல் கடந்தும் சென்றன. ஜப்பானில் ஹமாமட்சு நகருக்கு அருகே ஒரு சிற்றூரில், கொல்லரின் மகனாக 1906இல் பிறந்தவர் சோய்ச்சிரோ ஹோண்டா. அவர் சிறுவராக இருந்த நாளில் அவ்வூர்ப் பாதையில் ஒரு மோட்டார் வண்டி வந்தது. அது ஃபோர்டு வண்டியே என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இழுக்க ஒரு மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி மட்டும் ஓடுகிறது! ஏன் என்று அறியாமலே சிறுவன் அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடினான். வண்டி நின்றபோது அடியிலிருந்து எண்ணெய் சொட்டித் தரையில் படிந்தது. அவன் மண்ணில் மூக்கை வைத்து அந்த மணத்தை முகர்ந்தான். கைகளில் எடுத்துப் பூசிக்கொண்டான். மலரை முகர்ந்து காதல் கொண்டவரைக் கவிஞர் பாடியிருக்கின்றனர். எண்ணெயை முகர்ந்து காதல் கொண்டவரை வரலாறுதான் காட்ட வேண்டியிருக்கிறது.

1917இல் ஆர்ட் ஸ்மித் என்னும் அமெரிக்க விமானி ஹமாமட்சுவில் வானூர்தி வித்தை காட்டினார். செய்தி கேட்ட ஹோண்டா, வீட்டில் சொல்லாமல் தந்தையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றார். சைக்கிளோ பெரியது, இருக்கை எட்டவில்லை. சட்டத்தின் நடுவே காலைவிட்டு மிதித்துக்கொண்டே போனார். நம் ஊர்ப் பிள்ளைகள் குரங்குப் பெடல் என்பார்களே, அதுவேதான். நுழைவுக் கட்டணத்திற்குப் பணம் போதாமையால் ஒரு மரத்தின்மீது ஏறி அமர்ந்து கண்டுகளித்தார். வீடு திரும்பியதும் தந்தை சினந்தார். ஆனால் மகன் உண்மையாகவே விமானத்தைப் பார்த்துவிட்டு வந்தான் என்றறிந்ததும் அச்சினம் தணிந்துவிட்டது.

1922இல் டோக்கியோவில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்ததும் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைத் தூக்கிச் சுமப்பது! கையில் ஸ்பானர் ஏறுவதற்குப் பல மாதங்கள் ஆயின. அக்காலமெல்லாம் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, பிறர் வண்டிகளைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1948இல் தம் பெயரால் நிறுவனம் கண்டார்; 1963இல் அது கார் உற்பத்தியிலும் இறங்கியது. 1973இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய பின் ஊர் ஊராகச் சென்று தொழிலாளருக்கு நன்றி கூறினார். ஒரு தொழிலாளி, தம் கையில் எண்ணெய்க் கறை இருக்கிறதென்று கூச்சத்தோடு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாராம். ஹோண்டா அந்தக் கையையே பற்றி, 'இந்த மணம் எனக்குப் பிடித்தமானது' என்னும் கருத்துப்படக் கூறினார் என்று சொல்வதுண்டு. பாதையில் அன்று முகர்ந்த மணம் முதுமையிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

மூன்றாமவரைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் ஊரில், உழவர் குடும்பத்தில், 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களே அவர். பள்ளிப் படிப்பு அவருக்குச் சுவைக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. ஆங்கிலேய வருவாய் அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அப்பக்கம் வந்தார். அந்த வண்டி இளைஞர் நாயுடுவின் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. அது தமக்கு வேண்டும் என்று துணிந்தார். கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் செய்த முதற்காரியம் யாது? ஊரார் காண உலா வந்ததன்று. அதனைப் பிரித்துப் போட்டதுதான். ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். அந்தப் பிரித்தலும் பூட்டலுமே அவருக்குக் கல்லூரியாயின. 1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதிலிருந்தே யூ. எம். எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனம் கிளைத்தது. தாம் கற்ற முறையிலேயே பிறரும் கற்க வேண்டும் என்று விரும்பி, 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றவும் துணைநின்றார். 1974இல் அவர் மறைந்தார். அவர் பெயரால் நடைபெறும் அறநிலையம் கோவையில் பழைய மோட்டார் வண்டிகளுக்கென ஒரு காட்சிச்சாலையை 2015இல் திறந்தது.

இம்மூவர் வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மூவருள் எவருக்கும் காதல் உடைமையால் பிறக்கவில்லை. வண்டி பிறருடையது. அவர்களுக்கு வாய்த்தது காட்சி. காட்சியிலிருந்து எழுந்தது வினா. வினாவைத் தொடர்ந்து கை. 'எவ்வாறு ஓடுகிறது?' என்னும் வினா எழுந்து, அதற்கு விடை கையால் தொட்டறியுமாறு கிட்டியபோது, வியப்பு காதலாக முதிர்ந்தது. கை தொடாத வியப்போ அன்றிரவே உறங்கிப்போகிறது.

இதற்கு ஒரு தடையும் கூறலாம். 'அவர்கள் பிறவி மேதைகள். எதைக் கண்டிருந்தாலும் அவ்வாறே ஆகியிருப்பர்' என்று சொல்வோர் உண்டு. இதில் ஓரளவு உண்மையுண்டு என்பதை மறுக்க மாட்டேன். அதே குதிரை வண்டியில் அமர்ந்து அதே நீராவி இயந்திரத்தைக் கண்ட ஃபோர்டின் தந்தை, மகனும் தம்மைப்போல் உழவராக வேண்டும் என்றே விரும்பினார். விதை எல்லா நிலத்திலும் முளைப்பதில்லை. ஆனால் நல்ல நிலமும் விதையின்றி விளைவதில்லையே! நிலத்தைப் படைப்பது நம் கையில் இல்லை. விதைப்பது நம் கையில் இருக்கிறது.

என் இளமையில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இந்த விதைப்பு நாள்தோறும் நடந்துவந்தது. ஏற்றம் ஏறி வந்த பேருந்து பெருமூச்சு விட்டு நிற்கும். ஓட்டுநர் முன்மூடியைத் தூக்கிவிட்டு, ரேடியேட்டர் மூடியைச் சாக்குத் துணியால் பிடித்துத் திறப்பார். ஆவி சீறியெழும். சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள் நிற்போம். 'ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வா' என்று அவர் ஒருவனை ஏவினால், மற்றவர் பொறாமைப்படுவோம். 'எதற்கு அண்ணே தண்ணீர்?' என்று கேட்டால், 'நமக்கு வேர்க்கிறதல்லவா, இதற்கும் சூடு தணிய வேண்டாமா?' என்பார். வெப்பவியலில் நான் கற்ற முதற்பாடம் அதுவே. மோட்டார் வண்டிகளின்பால் எனக்கு இன்றுவரை நீங்காதிருக்கும் பற்றுக்கு வேர் தேடினால், அது அந்த வாளித் தண்ணீரில்தான் போய் முடிகிறது.

இன்றைய கார்களின் முன்மூடியைத் திறந்தால், உள்ளே மற்றொரு மூடி இருக்கிறது. பழுதை ஓட்டுநர் காதால் கேட்டு அறிவதில்லை. கணிப்பொறி படித்துச் சொல்கிறது. மின்கலத்தால் ஓடும் வண்டிகளில் எஞ்சினே இல்லை. எண்ணெய் மணமும் இல்லை, ஓசையும் குறைவு. இதனைக் குறையென்று நான் புலம்ப வரவில்லை. புகை குறைவதும் விபத்துக் குறைவதும் நன்மைகளே. வழியில் நின்றுபோகும் வண்டியை யாரும் விரும்பமாட்டார்கள். ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. முன்னாளில் இயந்திரம் தன்னைத் தானே விளக்கிக்கொண்டது. சங்கிலி ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது; ஆவி சீறுவது காதில் விழுந்தது. இன்றோ அது வாய் மூடிவிட்டது. ஆகவே அதற்காகப் பேச வேண்டிய கடமை மனிதருக்கு முன்னைவிட மிகுந்திருக்கிறது.

அக்கடமை பொறியியல் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. பட்டறைக்காரர், ஓட்டுநர், தந்தை, தாய், ஆசிரியர் ஆகிய அனைவருக்கும் உரியது. பழுதுபார்க்கும் நிலையத்தில் 'பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை?' என்று துரத்துவதற்கு முன் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். தேய்ந்த பிரேக் கட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, 'இதுதான் வண்டியை நிறுத்துகிறது; தேய்ந்துவிட்டது, பார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உழைப்பாளியின் நாளில் ஐந்து நிமிடம். கேட்கும் பிள்ளைக்கோ, அந்த ஐந்து நிமிடம் ஐம்பது ஆண்டுகளுக்குப் போதும். அப்பிள்ளை பெரிய தொழிலதிபராக வேண்டும் என்பதில்லை. தான் ஏறிச் செல்லும் வண்டியை அறிந்து மதிக்கும் மனிதனாக வளர்ந்தாலே அது பெரும்பேறு.