அலை நம்மது, கதை யார் சொல்றது?

"டாக்டவுன் அண்ட் இஸட் பாய்ஸ்"னு ஒரு ஆவணப்படம், 2001ல வந்தது. எடுத்தவர் ஸ்டேசி பெரால்டா. விசேஷம் என்னன்னா, படத்துல வர்ற பசங்கள்ல அவரும் ஒருத்தர். 1970கள்ல கலிஃபோர்னியாவுல, சாண்டா மோனிகா, வெனிஸ் பக்கம், அலை இருந்தா சர்ஃபிங், அலை ஓய்ஞ்சா ரோட்டுல ஸ்கேட்போர்டுன்னு திரிஞ்ச கூட்டம். 1976-77 வறட்சியில பணக்கார வீட்டு நீச்சல் குளமெல்லாம் வறண்டு கிடக்க, சுவரேறிக் குதிச்சு அதுக்குள்ளயும் ஓட்டினாங்க. வளர்ந்த பிறகு தன் கதையைத் தானே படமா எடுத்துட்டார் மனுஷன்.

எங்க கூரத்துல தண்ணின்னா ஏரிதாங்க. ஆனா கோவளமும் மாமல்லபுரமும் 2019 வரைக்கும் எங்க காஞ்சிபுரம் மாவட்டம்தான் (இப்போ செங்கல்பட்டு). அதனால கொஞ்சம் உரிமையோடயே பேசலாம்.

சர்ஃபிங் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுன்னு சொல்றோம். பலகை வேணா அவங்க கொண்டு வந்தது. அலையில ஏறி வர்ற வித்தை நம்ம கரைக்குப் புதுசு இல்லை. ஆணி அடிக்காம கயித்தால கட்டின மரங்கள். தண்ணி மேல ஏறி வழிஞ்சு போகும், கவிழ்ந்தாலும் முழுகாது. அதுல அலையை உடைச்சுப் போய், திரும்பும்போது அதே அலை மேல ஏறிக் கரைக்கு வந்தவங்க நம்ம மீனவர்கள். இங்கிலீஷுக்கு 'கேட்டமரான்'ங்கிற வார்த்தையே இங்கேருந்துதான் போச்சு. (இன்னிக்கு அந்தப் பேர்ல அவங்க விக்கிற இரட்டைப் படகுக்கும் நம்ம கட்டுமரத்துக்கும் சம்பந்தமே இல்லைங்கிறது வேற கதை.) 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா ஃபைபர் படகுகள் வந்து குவிய, கட்டுமரம் வேகமா ஒதுங்கிடுச்சு.

கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் பலகையைப் பிடிச்சுக்கிட்டது இந்த மாற்றம் நடந்த காலத்துலதான். 2012ல அருண் வாசு போன்றவங்களோட சேர்ந்து அங்கே சர்ஃப் பள்ளி தொடங்கினார். குப்பத்துப் பசங்களுக்கு அவர் போட்ட நிபந்தனை: குடி கூடாது, சிகரெட் கூடாது, பள்ளிக்கூடம் போகணும். அப்பா காலத்துல பிழைப்பா மட்டுமே இருந்த கடல், பசங்களுக்கு விளையாட்டாவும் ஆச்சு.

மாமல்லபுரத்துல கமலி மூர்த்தி. கவுன் போட்டுக்கிட்டு வெறுங்காலோட ஸ்கேட்போர்டுல சறுக்கின சின்னப் பொண்ணு. அந்தப் படத்தை டோனி ஹாக் பகிர, உலகமே பார்த்தது. சாஷா ரெயின்போ எடுத்த "கமலி" குறும்பட ஆவணம் 2020ல பாஃப்டா பரிந்துரை வரைக்கும் போச்சு. (ஜெயிச்சது காபூல் பொண்ணுங்க ஸ்கேட்போர்டு கத்துக்கிற படம். எப்படிப் பாருங்க!) கமலியைவிட அவளைத் தனியா வளர்க்கிற அம்மா சுகந்திதான் மனசுல நிக்கிறாங்க. நல்ல படம், குறை சொல்ல மாட்டேன். ஆனா கேமரா பிடிச்சது வெளியூர்க் கை.

பெரால்டா மாதிரி உள்ளே இருந்து ஒருத்தர் எடுத்தா வேற விஷயங்கள் வரும். பலகையோட போற மகனைப் பார்த்து அப்பா என்ன சொன்னார், பொண்ணு கடல்ல இறங்கினதுக்கு ஊர் என்ன சொல்லுச்சு, ரிசார்ட் வந்தப்புறம் வலை காயப்போட எடம் எங்கே போச்சு... இதெல்லாம் ரெண்டு மாசம் தங்கிட்டுப் போறவங்க கண்ணுல அவ்வளவு சீக்கிரம் படாது.

2023 ஆகஸ்டுல உலக சர்ஃப் லீக் போட்டி மாமல்லபுரத்துலயே நடந்தது. 2025ல ஆசியப் போட்டியும் அங்கேதான். ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அன்னிக்குக் கரையில நின்னு பார்த்த பசங்க எல்லார் கையிலயும் கேமரா வச்ச போன் இருந்திருக்கும்.