கையின் நிழல்

1895-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள். ஜெர்மனி நாட்டின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராயிருந்த வில்ஹெல்ம் ராண்ட்ஜன் தம் மனைவி ஆன்னா பெர்த்தாவின் கையை ஓர் ஒளிப்படத் தகட்டின்மேல் வைத்து, ஏறத்தாழக் கால் மணி நேரம் அசையாதிருக்கச் சொன்னார். ஆறு வாரங்களுக்கு முன் அவர் கண்டறிந்த, இன்னும் பெயர் சூட்டப்பெறாத கதிர் ஒன்று அக்கையை ஊடுருவித் தகட்டில் பதிந்தது. தகட்டைக் கழுவிப் பார்த்தபோது தசை மங்கலான புகைபோல் தெரிந்தது. எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி நின்றன. விரலில் அணிந்த மோதிரம் எலும்பைச் சுற்றி அந்தரத்தில் மிதந்தது. அடுத்த திங்கள் 23-ஆம் நாள், அதே நகரில் கூடிய அறிஞர் அவையில், உடற்கூற்று மேதையான முதியவர் கோலிக்கரின் கையையும் அவர் படமெடுத்துக் காட்டினார்.

இரண்டும் கைகளாய் அமைந்ததில் ஆழ்ந்த காரணம் ஒன்றும் இல்லை. கை மெல்லியது, மேசைமேல் அசையாது வைக்கத்தக்கது, அவ்வளவே. ஆயினும் முடக்குவாதம் என்று நாம் வழங்கும் நோய் பெரும்பாலும் முதலிற் பற்றுவது கையின் சிறு மூட்டுகளையும் பாதத்தின் சிறு மூட்டுகளையுமே. ஆகவே, எக்ஸ் கதிர் மானிட உடலில் முதன்முதலாகக் காட்டிய இடமே வாதநோய் மருத்துவர்கள் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உற்று நோக்கிய இடமாயிற்று. அவர்கள் அங்கே எதைக் கண்டார்கள், எதைக் காணத் தவறினார்கள் என்பதை இங்கே சொல்ல விழைகிறோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு நோய்களின் பெயரைக் கண்டால் சற்று நின்று பார்க்கும் வழக்கம் உண்டு. 'ரூமாட்டிசம்' என்னும் சொல்லின் கிரேக்க வேருக்கு ஒழுக்கு என்று பொருள். தீய நீர் ஒன்று உடலில் ஒழுகி மூட்டுகளிற் சென்று தங்குகிறது எனப் பண்டை மேனாட்டார் எண்ணினர். நம் முன்னோர் காற்றின்மேல் பழியைச் சுமத்தினர்; வாதம் என்றனர், வாயு என்றனர். நீர் என்றாலும் காற்று என்றாலும், தோலுக்குள் நடப்பதைக் காண வழியில்லாதவர்கள் செய்த ஊகமே அது. காண வழியில்லாத காரணத்தால் வெவ்வேறு நோய்கள் ஒரே பெயரில் கிடந்தன. பாரிஸ் நகரத்து லாந்த்ரே-போவே என்பவர் 1800-இல் தம் ஆய்வேட்டில், ஊட்டமும் செல்வமும் உடையாரைப் பற்றும் வழக்கமான வாதநோயினின்று வேறான ஒன்று ஏழைப் பெண்டிரைப் பற்றுவதை எடுத்துரைத்தார். லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரெட் காரட், யூரிக் அமிலம் இரத்தத்தில் மிகுவது ஒருவகை வாதத்தில் மட்டுமே என 1848-இல் காட்டி, எஞ்சியதற்கு 1859-இல் புதுப்பெயர் இட்டார். ஆங்கில மருத்துவ நூல்களில் முடக்குவாதத்திற்கு இன்றளவும் வழங்குவது அவர் இட்ட பெயரே. அவரும் மூட்டின் உள்ளே உயிரோடு பார்த்தவர் அல்லர்.

எக்ஸ் கதிர் வந்த புதிதில் அதை முதலில் விரும்பி ஏற்றவர்கள் போர் மருத்துவர்கள். 1897, 98-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டின் அந்நாளைய வடமேற்கு எல்லையில் நடந்த திராப் படையெடுப்பின்போது, பீவர் என்னும் இராணுவ மருத்துவர் மலைப்பாதையில் எக்ஸ் கதிர்க் கருவியைச் சுமந்து செல்வித்து, காயமுற்றோர் உடலில் துப்பாக்கிக் குண்டுகளைத் தேடினார். குண்டைக் காண்பது எளிது. வாதத்தைக் காண்பது அவ்வாறன்று. பாஸ்டன் நகரத்து எலும்பு மருத்துவர் கோல்ட்த்வெயிட், 1904-இல், மூட்டுநோயரின் படங்களை ஒப்பிட்டு இரண்டு வகைகளைப் பிரித்தார். ஒன்றில் எலும்பு நலிந்து தேய்ந்திருந்தது. மற்றொன்றில் எலும்பின் விளிம்பு தடித்து முளைவிட்டிருந்தது. முன்னது முடக்குவாதம், பின்னது முதுமையிலும் உழைப்பிலும் வரும் மூட்டுத் தேய்மானம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் வீங்கிய விரலே.

ஈண்டு எக்ஸ் கதிர்ப் படத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். மூட்டில் எலும்பின் முனைகளை மூடியிருப்பது குருத்தெலும்பு. அது படத்தில் விழுவதில்லை. எனவே இரண்டு எலும்புகளுக்கிடையே வெறும் இடைவெளி இருப்பதுபோல் தோன்றும். அவ்விடைவெளி உண்மையில் வெற்றிடம் அன்று. அங்கே குருத்தெலும்பு இருக்கிறது. இடைவெளி குறுகினால் குருத்தெலும்பு அழிந்தது என்று மருத்துவர் படிக்கிறார். மூட்டை உள்ளே போர்த்திய மெல்லிய சவ்வும் அவ்வாறே கண்ணுக்குத் தப்பும். முடக்குவாதம் தொடங்குவதோ அச்சவ்வில்தான். சவ்வு அழன்று தடித்துப் பெருகி, குருத்தெலும்பின் மறைப்பில்லாத எலும்பின் ஓரத்தைக் கறையான்போல் அரிக்கிறது. அரித்த குழி போதிய அளவு பெரிதான பின்னரே படத்தில் தெரியும். நோய் பிறந்த இடம் படத்தில் இல்லை. நோய் அழித்த இடமே இருக்கிறது.

இதன் கொடுமையை நாம் அருகிலிருந்து கண்டதுண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், தில்லியில் நம்முடன் பணியாற்றிய தட்டச்சர் ஒருவர், கும்பகோணத்துப் பெண்மணி, காலையில் எழுந்தால் காபித் தம்ளரைப் பிடிக்க இயலவில்லை என்றார். ஒரு மணி நேரம் கழிந்த பின்பே விரல்கள் இளகும். மருத்துவமனை ஒன்றில் படமெடுத்தனர். 'எலும்பு நன்றாயிருக்கிறது' என்று எழுதித் தந்தனர். எழுதியது பொய்யன்று; எலும்பு நன்றாகவே இருந்தது. ஆனால் அதைப் படித்த அனைவரும், அலுவலக மேலாளர் உட்பட, நோயே இல்லை என்று பொருள் கொண்டனர். 'விடுப்புக்கு ஒரு சாக்கு' என்று பேசியவர்களும் உண்டு. இரண்டாண்டு கழித்து எடுத்த படத்தில் விரலடி மூட்டுகளின் ஓரத்தில் எலி கடித்தாற்போன்ற குழிகள் இருந்தன. முடக்குவாதத்தின் அரிப்பு பலரிடம் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வெளிப்பட்டுவிடுகிறது என்பது பின்னர் நாம் நூல்களிற் படித்தறிந்தது.

காலந்தாழ்ந்து காட்டும் சாட்சி என்றாலும், அச்சாட்சியத்தை அளந்து எழுதக் கற்றதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த பெரும்பணி. மான்செஸ்டர் நகரத்தில் ஜோனாஸ் கெல்கிரன், ஜான் லாரன்ஸ் என்னும் இருவர், லங்காஷயர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளையும் முதுகையும் ஆராய்ந்து வந்தனர். சுரங்கத்தில் குனிந்து உழைப்பவனுக்கு வாதம் மிகுதியா என்று கேட்டால், மிகுதி என்பதை எவ்வாறு அளப்பது? ஒரு மருத்துவர் 'சற்றே தேய்ந்தது' என்பதை மற்றொருவர் 'மிகவும் தேய்ந்தது' என்பார். அவ்வளவேயன்று, ஒரே மருத்துவர் ஒரே படத்தைச் சில நாள் கழித்துப் பார்த்தாலும் வேறு தீர்ப்புக் கூறுவார். அவ்விருவரும் இந்த வேறுபாட்டை மறைக்காமல் தம்மையே சோதித்துக்கொண்டு, சுழி முதல் நான்கு வரை படிகள் வகுத்து, ஒவ்வொரு படிக்கும் மாதிரிப் படங்களை வைத்து, 1957-இல் வெளியிட்டனர். மூட்டுத் தேய்மானத்தை இன்றும் உலகெங்கும் அப்படிகளால்தான் குறிக்கின்றனர். நம் நகரங்களில் முழங்கால் அறுவைக்குச் செல்லும் பெரியோர் கையிலுள்ள அறிக்கையில் 'நான்காம் படி' என்றிருந்தால், அச்சொல்லின் பின்னே லங்காஷயரின் கரித்தூள் படிந்திருக்கிறது.

முடக்குவாதத்திற்கு நான்கு படிகள் போதவில்லை. அமெரிக்கரான ஜான் ஷார்ப் 1971-இல் ஒவ்வொரு விரல் மூட்டிலும் அரிப்பையும் இடைவெளியையும் தனித்தனியே எண்ணும் முறையை வகுத்தார். நெதர்லாந்தைச் சார்ந்த தேசிரே வான் டெர் ஹைடே என்னும் பெண் மருத்துவர் 1989-இல் அதனோடு பாதங்களையும் சேர்த்தார். பல நோயருக்கு எலும்பு முதலில் அரிக்கப்படுவது பாதத்தில்தான் என்பதால் அது அறிவுடைய செயல். இம்முறையில் ஒருவர் கைகால்கள் முற்றும் சிதைந்தால் வரும் எண் 448. மனிதத் துன்பத்தை இப்படிக் கூட்டல் கணக்காக்குவது முதலிற் படிக்கையில் நமக்கு ஒவ்வவில்லை. அதன் பயனைக் கண்டபின் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டோம்.

பஞ்சாபின் லூதியானாவில் 1937-இல் பிறந்த ரவீந்தர் மைனி, மார்க் ஃபெல்ட்மன் என்னும் தம் தோழருடன் லண்டனில் ஆராய்ந்து, அழற்சியைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தடுத்தால் முடக்குவாதம் தணியும் எனக் காட்டினார். அவ்வழியில் வந்த இன்ஃப்ளிக்சிமாப் என்னும் மருந்தைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதிற் சேர்ந்த நோயர் 428 பேர். பழைய மருந்தாகிய மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் உட்கொண்டோரின் சிதைவு எண் 54 வாரங்களில் சராசரி 7 கூடியது; புதுமருந்தையும் சேர்த்துப் பெற்றோருக்குக் கூடியது 0.6 மட்டுமே. படங்களைப் படித்தவர்கள் எது எவருடையது என்று அறியார். இதைவிட வியப்பு ஒன்று உண்டு. வீக்கமும் வலியும் போதிய அளவு குறையாதவர்களிடத்துங்கூட எலும்பின் அரிப்புத் தடைபட்டிருந்தது. நோயரும் சொல்ல முடியாத, மருத்துவர் விரலும் உணர முடியாத செய்தி அது. படம் ஒன்றே அதைச் சொல்லிற்று.

இனி, அரிப்புக்கு முன்னரே சவ்வைக் காணும் வழி. அது வந்த பாதை சற்றே கோணலானது. 1972-இல் அமெரிக்காவில் மெக்டானல்டு, லியோபோல்டு என்னும் இருவர், வீங்கிய காலொன்றில் இருப்பது இரத்தக்கட்டா, முழங்கால் மூட்டிலிருந்து பின்புறம் பிதுங்கிய நீர்ப்பையா என அறியக் கேளா ஒலியைச் செலுத்திப் பார்த்தனர். செவிக்கு எட்டாத அவ்வொலி மெல்லிய திசுக்களில் மோதி எதிரொலிக்கிறது. எதிரொலியைக் கருவி படமாக்குகிறது. எக்ஸ் கதிர் எதைத் தவறவிட்டதோ அதையே இது பிடித்தது. 1990-களில் சவ்வினுள் இரத்தம் பாய்வதையும் வண்ணமிட்டுக் காட்டும் முறை வந்தது. அழலும் மூட்டு திரையில் தணல்போல் சிவந்து தெரிந்தது. 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மருத்துவர்கள், முடக்குவாத நோயர் 100 பேரின் விரலடி மூட்டுகளை இருவகையிலும் சோதித்தனர். எக்ஸ் கதிர் 17 பேரிடம் 32 அரிப்புகளைக் கண்டது. கேளா ஒலியோ 56 பேரிடம் 127-ஐக் கண்டது. காந்தப் புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி இன்னும் ஆழ்ந்து, எலும்பின் உள்ளேயே நீர் கோத்திருப்பதையும் காட்டும். இளைஞரின் முதுகையும் இடுப்பையும் பற்றும் தண்டுவட வாதத்தில் அதன் உதவி மிகப் பெரிது. அந்நோய் எக்ஸ் கதிர்ப் படத்தில் வெளிப்படச் சில வேளை ஆண்டுகள் பல கழியும்.

நம் நாட்டில் இதற்கொரு தனிச் சிக்கலும் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் இயற்றிய சட்டத்தின்படி, கேளா ஒலிக் கருவி வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தல் வேண்டும். விரல் மூட்டை மட்டுமே பார்க்கும் மருத்துவரும் அந்தப் பதிவேடுகளுக்குத் தப்ப முடிவதில்லை. சட்டத்தின் நோக்கத்தை நாம் குறைகூறோம். அது காக்க முயல்வது பெண்மகவின் உயிரை.

மிகுதியாகக் காண்பவர் மிகுதியாகக் குணப்படுத்துவார் என்று எண்ணத் தோன்றும். நார்வே நாட்டு மருத்துவர்கள் அதை எண்ணத்தோடு விடாமல் சோதித்தனர். புதிதாக நோயுற்றவர்களை இரு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்திற்கு ஒவ்வொரு முறையும் கேளா ஒலியால் பார்த்து மருந்தை முடிவு செய்தனர். மற்றதற்குக் கையால் அழுத்திப் பார்த்தும் இரத்தச் சோதனை கொண்டும் முடிவு செய்தனர். இரண்டாண்டு முடிவில், நோய் அடங்கி, வீக்கமும் இன்றி, எலும்புச் சிதைவும் வளராத நிலையை எய்தியவர்கள் முன்னதில் 22 சதவிகிதம், பின்னதில் 19 சதவிகிதம். 2016-இல் வெளியான அவ்வாய்வு, இவ்வேறுபாடு தற்செயலாய் நேரக்கூடிய அளவினதே என்று உரைத்தது. ஐயம் எழும் இடத்தில் கருவி உதவும். ஒவ்வொரு வருகையிலும் அது வேண்டுவதில்லை என்பதே பலர் கொண்ட கருத்து.

நோயை வரையறுக்கும் விதிகளும் இதற்கிடையே மாறின. 1987-இல் அமெரிக்க வல்லுநர் வகுத்த ஏழு குறிகளுள் எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியும் மாற்றம் ஒன்று. 2010-இல் அமெரிக்கரும் ஐரோப்பியரும் கூடி வகுத்த புதிய விதியில் படத்திற்கெனப் புள்ளி இல்லை. வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, இரத்தச் சோதனைகள், நோய் நீடித்த காலம் ஆகியவற்றுக்கே புள்ளிகள். எலும்பு அரிக்கும்வரை காத்திருந்து பெயர் சூட்ட வேண்டா என்பது கருத்து. நம் தட்டச்சர் அம்மையார் இவ்விதி வந்தபின் நோயுற்றிருந்தால், அந்த முதற்படம் 'நன்று' என்று வந்தும் மருந்து தொடங்கியிருப்பார்கள்.

அவர் இப்போது ஓய்வுபெற்று மகனுடன் புணேயில் வசிக்கிறார். வீடு நான்கு முறை மாறியபோதும் பழுப்பு உறையிலிட்ட அவ்விரண்டு படங்களை அவர் எறியவில்லை. சென்ற ஆண்டு நாம் காணச் சென்றபோது அங்குள்ள மருத்துவரிடம் உடன் அழைத்துச் சென்றார். மருத்துவர் முதலில் கருவி எதையும் தொடவில்லை. அம்மையாரின் விரலடி மூட்டுகளைத் தம் இரு கட்டைவிரல்களால் ஒவ்வொன்றாய் அழுத்தி, முகத்தைப் பார்த்துக்கொண்டே சென்றார். பின்னர் பழைய படத்தையும் புதிய படத்தையும் எடுத்துச் சாளரத்து வெளிச்சத்தில் அருகருகே பிடித்து, வலக்கை ஆள்காட்டி விரலின் அடியிலிருந்த குழி பதினைந்து ஆண்டுகளாக அதே அளவில் நிற்பதைக் காட்டினார்.