இஸ்லிங்ரன்: திருந்திய வீடுகளும் பெயர்ந்த குடிகளும்

வீடுகள் திருந்துதல் அங்கு வாழ்வோரின் நிலையும் திருந்துதலாகுமா என்னும் வினாவுக்கு இலண்டன் மாநகரின் இஸ்லிங்ரன் பகுதியின் வரலாறு தக்க விடை பகரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடுத்தர வகுப்பினர்க்கென அங்கு எழுந்த தொடர்வீடுகள், அவர்கள் புறநகர் சென்றபின், அறை அறையாகப் பிரிக்கப்பட்டுத் தொழிலாளர்க்கு வாடகைக்கு விடப்பட்டன. 1957ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின்படி, குடியிருப்போர் நீங்கியதும் வாடகைக் கட்டுப்பாடும் நீங்கிற்று. ஆதலின், அவர்களை வெளியேற்றுதல் வீட்டுடைமையாளர்க்கு ஆதாயமாயிற்று. வெறுமையான வீடுகளை உத்தியோகத்தரும் கற்றோரும் வாங்கிச் செப்பனிட்டனர். இம்மாற்றத்துக்குச் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் அம்மையார், உயர்குடியினரைக் குறிக்கும் ‘ஜென்றி’ என்னும் ஆங்கிலச் சொல்லினடியாக, 1964இல் ‘ஜென்றிபிக்கேஷன்’ எனப் பெயரிட்டார்.

1965இல் குடியிருப்போர்க்குச் சட்டப் பாதுகாப்பு மீள அளிக்கப்பட்டபோதும், பணங்கொடுத்தும் அச்சுறுத்தியும் வெளியேற்றும் வழக்கம் ஓயவில்லை. 1969ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் வீடு திருத்துதற்கான அரச மானியத்தை உயர்த்தியது. பழைய வீடுகளைச் சீராக்குதற்கு வழங்கிய அப்பணம், பார்ன்ஸ்பரி போன்ற இடங்களில், வசதியுடன் வந்தோர்க்கே பெரிதும் பயன்பட்டது. 1974ஆம் ஆண்டின் சட்டம் மானியத்துக்கு நிபந்தனைகள் விதித்தது. எனினும், அதற்குள் பல வீதிகளின் குடிகள் மாறிவிட்டனர்.

சுவரும் கூரையும் காக்கப்பட்டன, அயலுறவு கலைந்தது. வீட்டைத் திருத்த முனையும் அரசு, அதில் வாழ்வோரின் குடியிருப்புரிமையையும் உடன்காத்தல் வேண்டுமென்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.